அலுமாரித் திறப்பும் நாற்பது நிமிடமும்

கொழும்பு வடக்கில் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் கேட்டிருந்தார்: "இந்த வருடம் நூலகப் பொறுப்பை அதிபர் என்னிடம் தந்துவிட்டார். தரம் 1 முதல் 5 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமைக்கு ஒரு பாடவேளை. அலுமாரி இரண்டு, புத்தகம் ஏறத்தாழ 600. வீட்டுக்குக் கொடுத்தால் தொலைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இணையம், போன் பற்றியும் சேர்த்துப் படிப்பியுங்கள் என்கிறார். நூலகத்தில் ஒரு கணினிகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

ரீச்சர், அந்தப் பயத்திலிருந்தே தொடங்குவோம். மற்ற எல்லாவற்றையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

நான் கொழும்பில் ஆரம்பப் பிரிவில் 24 வருடம் படிப்பித்தேன். அதில் 15 வருடம் நூலகமும் என் பொறுப்பு. பொறுப்பேற்ற அன்று என் கையில் தந்தது ஒரு கொத்துத் திறப்பும் ஒரு பதிவேடும். "வருட முடிவில் சாமான் கணக்கெடுக்க வருவார்கள், பதிவேட்டில் உள்ளதெல்லாம் அலுமாரியில் இருக்கவேண்டும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். அதைக் கேட்ட பிறகு யாருக்குப் புத்தகம் கொடுக்க மனம் வரும்? முதல் வருடம் ஒரு புத்தகத்தைக்கூட வெளியே விடவில்லை. டிசம்பரில் அலுமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டில் கறையான். ஒரு பிள்ளையும் தொட்டுப் பார்க்காத படக்கதைப் புத்தகங்கள் மண்ணோடு ஒட்டிப் போயிருந்தன. நான் யாரிடமிருந்து அவற்றைக் காப்பாற்றினேன் என்று யோசித்து அன்று அழுதுவிட்டேன்.

எனவே முதல் வேலை அதிபரோடு பேசுவது. இரவல் கொடுக்கப்போகிறேன், சில புத்தகங்கள் தொலையும், சில கிழியும், அவற்றைப் பதிவேட்டிலிருந்து கழிக்க என்ன முறை என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது அடுத்த அதிபர் வந்ததும் காற்றில் போய்விடும். அன்பளிப்பாக வந்த புத்தகங்களைத் தனிக் கொப்பியில் பதிந்து, இரவலை அவற்றில் தொடங்கலாம். எனக்கு முதல் இரண்டு தவணையும் அப்படித்தான் ஓடியது. அதிபர் தயங்கினால் எஸ். ஆர். ரங்கநாதனைத் துணைக்குக் கூப்பிடுங்கள். சீர்காழியில் 1892-இல் பிறந்தவர், கணிதம் படிப்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் முதலாவது விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன், திறந்தால்தான் தெரியும்.

அடுத்தது தண்டப்பணம். இதில் என் கருத்து கடுமையானது: ஆரம்பப் பிரிவில் தண்டப்பணம் கூடவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். தரம் 3-இல் ஒரு பெண்பிள்ளை. அம்மா புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் நாட்கூலிக்கு நிற்கிறார். பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்தது மூன்று ஷொப்பிங் பைகளுக்குள். முதல் பையை அவிழ்த்தேன், முடிச்சு. இரண்டாவதை அவிழ்த்தேன், அதுவும் முடிச்சு. உள்ளே புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. "கதை எப்படி?" என்று கேட்டேன். "தெரியாது ரீச்சர், அம்மா வெளிய எடுக்க விடேல்ல. ஊத்தை பட்டா காசு கட்டவேணுமாம்" என்றாள். ஒரு கிழமை முழுக்கப் புத்தகம் அலுமாரிக்கு மேலே இருந்திருக்கிறது. நான் போட்ட 50 ரூபாய் விதி அந்த வீட்டில் ஒரு கதையைப் பூட்டி வைத்துவிட்டது.

அன்றைக்கே விதியை எடுத்துவிட்டு, பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்களும் முதல் கிழமையே எழுதுங்கள். நாலைந்து வரி போதும்: "உங்கள் பிள்ளை கிழமைக்கு ஒரு புத்தகம் கொண்டு வருவார். பிள்ளை தொட்டுப் புரட்டி வாசிக்கட்டும். கிழிந்தால் வீட்டில் ஒட்டாமல் அப்படியே அனுப்புங்கள். தொலைந்தால் பிள்ளையை அடிக்கவோ ஏசவோ வேண்டாம், எனக்குச் சொல்லிவிடுங்கள். காசு கேட்க மாட்டோம்." கடைசி இரண்டு வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். கொழும்பில் நம் பிள்ளைகள் சிலரின் பெற்றோருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிப்பது சிங்களம் அல்லது ஆங்கிலம். கடிதத்தை அந்த மொழியிலும் கொடுத்தால்தான் போய்ச் சேரும்.

தொலைத்த பிள்ளை என்ன செய்வது? முதலில் இரண்டு கிழமை தேட விடுவேன். பாதிக்கு மேல் கட்டிலுக்கு அடியிலிருந்தோ அம்மம்மா வீட்டிலிருந்தோ வந்துவிடும். வராவிட்டால் இடைவேளையில் இரண்டு நாள் வந்து புத்தகங்களுக்கு உறை போட எனக்கு உதவவேண்டும். அது தண்டனை என்று ஒரு பிள்ளையும் நினைத்ததில்லை. தொலைக்காத பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள். புத்தகம் தராதவர்களின் பெயரை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை புத்தகமே எடுக்காது. பிள்ளையின் கொப்பிக்குள் ஒரு சிறு துண்டு வைத்தால் போதும்.

தரம் 1 பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுங்கள். முதல் தவணையில் வகுப்பிலேயே ஒரு பெட்டி வைத்துப் புரட்டிப் பழகட்டும், இரண்டாம் தவணையிலிருந்து வீட்டுக்குப் போகட்டும். ஐந்து வயதில் ஒரு பொருளை இரவல் வாங்கி, அதைத் தன்னுடையது இல்லை என்று தெரிந்து பார்த்துக்கொண்டு, சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியம். அந்தப் பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரில் கொடுக்கிற வாக்கு அது.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளப் படிப்பிக்க ஒரு முழுப் பாடவேளை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுத்தால் ஏறாது, செய்து காட்டவேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தைக் கீழ்ப்பக்கம் நடுவில் பிடித்துத் தள்ளித்தான் திருப்புவார்கள். தையல் பக்கம் கிழிவது அதனால்தான். மேல் மூலையில் ஒற்றை விரலை உள்ளே விட்டு, பக்கத்தைத் தூக்கி, மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். நான் பழைய புத்தகம் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பத்துப் பக்கம் திருப்பவைப்பேன். எச்சில் தொட்டுத் திருப்பக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும், வீட்டில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்து வந்திருப்பார்கள். அப்புறம் தண்ணீர்ப் போத்தல். நம் பிள்ளைகளின் புத்தகப் பையில் புத்தகத்துக்கு முதல் எதிரி அந்தப் போத்தல்தான். தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தைத்துக் கொடுத்தால் நாலு வருடம் பாவிக்கலாம்.

வாசலில் ஒரு காட்போட் பெட்டி வைத்து "புத்தக ஆஸ்பத்திரி" என்று எழுதிவிடுங்கள். கிழிந்ததைப் பிள்ளை பயப்படாமல் அதில் போடலாம். செலோடேப்பை மட்டும் கிட்ட அண்டவிடக்கூடாது. ஒட்டும்போது அழகாக இருக்கும். சில வருடத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துவிடும். மெல்லிய டிஷூத் தாளைக் கீற்றாகக் கிழித்து வெள்ளைப் பசை கொஞ்சமாகப் பூசி ஒட்டுங்கள். கோதுமை மாப் பசை நல்லதுதான், ஆனால் கொழும்பு ஈரத்தில் அதற்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வந்துவிடும்.

அந்த ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பான புத்தகம் என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. கடற்கரையோரம், வருடம் முழுக்க ஈரக்காற்று. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சாண் தள்ளி வையுங்கள், அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள், வெயில் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து எடுக்கவேண்டும். வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த துணியால் நீங்களே துடையுங்கள். தொய்வு உள்ள பிள்ளை கையில் அப்படிப்பட்ட புத்தகம் போனால் அன்று இரவே மூச்சிழுக்கலாம். நிறையப் பிடித்துவிட்டது என்றால் கழித்துவிடுங்கள், மனம் கேட்காதுதான்.

பூச்சி உருண்டை போடவேண்டாம். வெள்ளையாக, இனிப்பு மாதிரி உருண்டையாக இருக்கும் நாப்தலீன் அது. சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடும் என்பது ஒரு பயம். அதைவிட, ஜி6பிடி என்ற நொதியம் உடலில் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு நாப்தலீன் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடியது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. காற்றோட்டமும், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தூசி தட்டுவதும் போதும். தரம் 5 பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள். புத்தகத்தை ஒவ்வொருவரும் கையில் எடுத்தால் அதைத் திறந்து பார்க்காமல் விடுவார்களா?

2016 மே வெள்ளத்தில் களனி ஆறு பெருகி கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எங்கள் பிள்ளைகள் சிலரின் வீடுகளும் அதில். அவர்களிடம் இருந்த புத்தகங்களை நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பையன் தானாகவே மூன்று புத்தகத்தைக் கொண்டு வந்தான், இன்னும் நனைந்தபடி. அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்தால் மட்டை வளைந்து தாள் நெளியும். நிழலில், மின்விசிறிக்கு எதிரே, சில பக்கங்களுக்கு ஒரு தரம் உறிஞ்சும் தாள் வைத்து, அடிக்கடி தாளை மாற்றிக் காயவிடவேண்டும். இரண்டு நாளுக்குள் தொடங்கிவிடவேண்டும், அதற்குமேல் பூஞ்சணம் வந்துவிடும். பளபளப்பான தாள் என்றால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஒட்டியதைப் பிரிக்க முடியாது. அவன் கொண்டு வந்ததில் ஒன்றுதான் தப்பியது. கடைசி நாள்வரை அதை இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சரி, பாடவேளைக்கு வருவோம். நாற்பது நிமிடத்தில் நாற்பது பிள்ளை. முதல் பத்து நிமிடம் திருப்பிக் கொடுப்பதற்கு. அப்புறம் நீங்கள் உரக்க ஒரு கதை வாசியுங்கள், முழுக் கதை. இதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். மிச்ச நேரம் தெரிவு செய்யவும் திகதி முத்திரை குத்தவும். முத்திரையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள், கிழமைக்கு இருவர். ஒரு மாதத்தில் உங்களைவிட வேகமாகக் குத்துவார்கள்.

தெரிவு செய்வதுதான் பிள்ளைக்குக் கடினம். ஐந்து விரல் முறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அந்தப் புத்தகம் கடினம். ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட முறை இது. தமிழில் அப்படியே எடுத்தால் ஏமாந்துவிடுவோம். நம் எழுத்து ஒலியோடு பெரும்பாலும் ஒட்டிப் போவதால், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எந்தச் சொல்லையும் வாசித்துவிடும், பொருள் விளங்கியிருக்காது. ஒரு விரலும் மடங்காமல் கடகடவென்று வாசித்துவிட்டு "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் முழிக்கும். எனவே வாசிக்க முடியாத சொல்லை விட்டுவிட்டு, சொல்லிக் காட்ட முடியாத சொல்லை எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்று, நம்மிடம் உள்ள புத்தகங்களில் பெரும்பகுதி சென்னையில் அச்சானது. பப்பாளி என்று இருக்கும், பிள்ளைக்குப் பப்பாசிதான் தெரியும். பேனா என்று இருக்கும், இங்கே பேனை. மிதிவண்டி என்றால் இன்னும் சிரமம். இந்தச் சொற்களுக்கு விரல் மடக்கவேண்டாம். வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, "புத்தகத்தில் கண்டது", "நாங்கள் சொல்வது" என்று இரண்டு பக்கமாகப் பிள்ளைகளே எழுதட்டும். எங்கள் தாள் ஒரு வருடத்தில் கதவைவிட நீளமாகிவிட்டது.

இறாக்கையில் அடுக்குவதற்கு ஆரம்பப் பிரிவில் நிறப்பட்டியே போதும்: கதைக்குச் சிவப்பு, விலங்கு, செடிகொடிக்குப் பச்சை என்று. பிள்ளை புத்தகத்தை இழுத்த இடத்தில் ஒரு அடிமட்டத்தையோ தடித்த மட்டைக் கீற்றையோ செருகிவிட்டால் திரும்ப வைக்க இடம் தெரியும். தரம் 4, 5-க்கு மட்டும் டூயி தசம முறையைக் கொஞ்சம் காட்டலாம். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டது. 000 முதல் 999 வரை எல்லா அறிவுக்கும் ஓர் எண். விளக்கம் வேண்டாம், வேட்டை விடுங்கள். பறவைக்கு 598, பாலூட்டிக்கு 599, நாட்டார் கதைக்கு 398.2. கிரிக்கெட் 796-இல் இருக்கிறது என்று தெரிந்தால் பையன்கள் அந்த எண்ணை வாழ்நாளில் மறக்கமாட்டார்கள். பிறகு பொது நூலகம் போகும்போது அதே எண் அங்கேயும் இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

ஆசிரியர் பெயர் வரிசையில் வைக்கப் பழக்கினால் நம் பெயர்களின் முதலெழுத்துச் சிக்கல் வரும். சி. மாலதி என்றால் "சி"யில் வைப்பதா, "மா"வில் வைப்பதா? "மா"வில்தான். முதலெழுத்து அப்பாவின் பெயருக்கு. இதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், அழகாக வாதாடுவார்கள்.

பட்டியலைக் கணினியில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நம் பாடசாலைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் உண்டு. திரையில் "யானை" என்று தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஏ, எச், ஐ, டீ என்ற நாலு ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், யானை என்று தேடினால் கிடைக்காது. தொடக்கத்திலேயே யூனிகோடில், அதாவது எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறையில், ஏற்றுங்கள். அதிலும் அகரவரிசை சில மென்பொருளில் பிழைக்கும். யூனிகோட் அட்டவணையில் "ன" எழுத்து "ந"வுக்கு அடுத்து இருப்பதால், எண் வரிசையில் மட்டும் அடுக்கும் மென்பொருள் கனகத்தைக் கமலத்துக்கு முன்னால் வைத்துவிடும். நம் அகராதியில் கமலம் முன்னால். 600 புத்தகத்துக்குச் சாதாரண எக்செல் தாள் போதும்.

இப்போது அதிபர் கேட்ட இணையப் பாடம். கணினி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்குத் தேவையானதில் பெரும்பகுதியைத் தாளில் படிப்பிக்கலாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடிய பிறகு நம் பிள்ளைகள் போனிலேயே படித்தார்கள். போன் அன்றிலிருந்து வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் அது அம்மாவின் போன். இங்கேதான் கொழும்பு வீடுகளில் நான் கண்ட முதல் ஆபத்து. வாட்ஸ்அப் கணக்கைக் களவாட நினைப்பவன், அந்தப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைத்தான் கேட்பான். "பிழையாக உங்களுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் பெயரில் கேட்பான். அந்த நேரம் போன் இருப்பது எட்டு வயதுப் பிள்ளையின் கையில். பிள்ளைக்கு உதவி செய்யும் குணம், அனுப்பிவிடும். தரம் 2-இலிருந்தே இதைச் சொல்லிக் கொடுங்கள்: போனுக்கு எண் வந்தால் யாருக்கும் சொல்லாதே, அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டு. நாடகமாகச் செய்யுங்கள். ஒரு பிள்ளை களவாட வருகிறவர், இனிமையாகப் பேசவேண்டும். எங்கள் வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறுத்தார்கள் தெரியுமா!

இரண்டாவது பாடம், "நாளை பாடசாலை விடுமுறை". மழை பெய்தால் போதும், தலைப்பும் கையொப்பமும் உள்ள ஒரு கடிதப் படம் பெற்றோர் குழுக்களில் சுற்றும். அப்படி ஒன்றை நீங்களே தாளில் தயாரித்து ஒவ்வொரு மேசைக்கும் கொடுங்கள். யார் எழுதியது? எந்தத் திகதி? வேறு எங்கே பார்த்து உறுதி செய்யலாம்? திகதியை மறைத்து ஒன்று, சென்ற வருடத் திகதியோடு ஒன்று கொடுத்துப் பாருங்கள். உண்மையான கடிதமே பழையதாக இருந்தால் பிழையான செய்தியாகிவிடும் என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். அதே மூன்று கேள்வியையும் புத்தகத்திடமும் கேட்கச் சொல்லுங்கள்: எழுதியவர் பெயர் எங்கே, எந்த வருடம் அச்சானது, வேறு புத்தகம் என்ன சொல்கிறது. நூலகப் பாடமும் இணையப் பாடமும் வேறு வேறு என்ற எண்ணமே பிள்ளைக்கு வராது.

எனக்கு மிகவும் பிடித்தது யானைப் பாடம். தரம் 4-க்கு. உங்கள் போனில் யானைப் படம் தேடி பத்துப் படத்தை அச்சிட்டுக்கொண்டு வாருங்கள். அலுமாரியில் பாலூட்டி பற்றிய புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். "இதில் எது நம் நாட்டு யானை?" தோளை மூடும் பெரிய காது என்றால் ஆபிரிக்க யானை. அங்கே பெண் யானைக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. நம் நாட்டில் ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை மிகக் குறைவு, பெண்ணுக்குக் கிடையாது. தும்பிக்கை நுனியில் ஆபிரிக்க யானைக்கு விரல் போன்ற முனை இரண்டு, நம்முடையதற்கு ஒன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பிள்ளைகள் வீதியில் ஒட்டிய விளம்பரங்களில்கூடப் பிழை பிடித்துக்கொண்டு வந்தார்கள். தேடினால் முதலில் வருவது நம்மைப் பற்றியதாக இருக்கவேண்டியதில்லை என்பதை நான் வாயால் சொல்லவே இல்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பார்கள். நீங்கள் உங்கள் போனில், பிள்ளைகள் முன்னால், உங்கள் பாடசாலையைப் பற்றியோ பக்கத்து ஒழுங்கையைப் பற்றியோ அதனிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத் துணிவாகப் பிழையாகச் சொல்லும். பிள்ளைகளுக்குச் சரியான பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்பதுதான் முக்கியம்.

வாட்ஸ்அப், முகநூல், டிக்டொக் எல்லாமே குறைந்தது 13 வயது என்று வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்த வயது இல்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், பிள்ளையிடம் சொல்லி என்ன செய்ய? யாராவது பயமுறுத்தினால், படம் கேட்டால், "யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னால், உடனே நம்பும் பெரியவரிடம் சொல்லவேண்டும் என்பதையும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிடுங்கள். சீருடையும் கழுத்துப்பட்டியும் தெரியும்படி பிள்ளைகள் புத்தகத்தோடு நிற்கும் படங்களை நாமே குழுக்களில் போடுகிறோம். அது எந்தப் பாடசாலை, எத்தனையாம் வகுப்பு என்று ஊருக்கே சொல்கிற வேலை. வாசிக்கும் கையையும் புத்தகத்தையும் மட்டும் படமெடுங்கள். இரவல் கொப்பியிலும் வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் எழுதவேண்டாம். பெயரும் வகுப்பும் போதும். கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தால் எந்தப் பிள்ளை என்ன வாசித்தது என்று எல்லோரும் பார்ப்பார்கள். தரம் 5 பையன் ஒருவன் தரம் 1 படக்கதைகளை எடுத்துக்கொண்டு போவான். அவனுக்கு அது தேவையாக இருக்கும், அதை வகுப்பு அறியத் தேவையில்லை.

புத்தகம் போதாது என்றால் வழிகள் உண்டு. பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய, படிநிலை வாரியாக. எழுதியவர், வரைந்தவர் பெயரோடு அச்சிட்டுக் கொடுக்கத் திறந்த உரிமம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களுக்கு அந்த உரிமை கிடையாது, வேற்றுமையைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். நம் நாட்டில் அச்சான பழைய தமிழ்ப் புத்தகம், சஞ்சிகைகளுக்கு 2005-இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளம் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தகத்தைப் பூட்டி வைக்கும் எங்கள் கைப்பழக்கத்தில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே உள்ள கொழும்புப் பொது நூலகம் 1925-இலிருந்து இயங்குகிறது, சிறுவர் பகுதி உண்டு. வெள்ளவத்தையில் 1942-இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் ஒரு வகுப்பையாவது கூட்டிப் போங்கள். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் சிங்களப் படக்கதைகள் மலிவு. இரண்டாம் மொழிக்கும் உதவும்.

கடைசியாக ஒன்று. தரம் 5-இன் நூலகப் பாடவேளையைப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் செய்யக் கேட்பார்கள். முதலில் ஒரு கிழமைக்கு என்று கேட்பார்கள். கொடுத்தால் திரும்பி வராது. நான் ஒரு வருடம் அப்படி இழந்தேன். அந்த வகுப்புக்கு அந்த நாற்பது நிமிடம்தான் யாரும் புள்ளி போடாத ஒரே நேரம். நேரசூசியில் அதிபரின் கையொப்பத்தோடு எழுதி ஒட்டிவிடுங்கள். தகராறு வந்தால் நாற்பது நிமிடத்தில் இருபதையாவது காப்பாற்றி, இரவல் மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை திறப்பை எடுத்துக்கொண்டு போய், முதலில் கீழ்த்தட்டைப் பாருங்கள், கறையான் அங்கேதான் தொடங்கும். அன்பளிப்புப் புத்தகத்தில் நாற்பதைத் தெரிந்தெடுத்து ஒரு பெட்டியில் போடுங்கள், தரம் 3-க்கு. திகதி முத்திரையும் மைப்பெட்டியும் புறக்கோட்டையில் வாங்கலாம். மை நீலமாக இருக்கட்டும், சிவப்பு என்றால் பிள்ளைகள் பிழை போட்டது என்று நினைப்பார்கள்.